நெட்டுக்கு வெத்தலபாக்கு

எங்க ஊரு ஊத்துக்காட்டுவலசுல நெட்டு கூப்பிட்டாத்தான் வரும். சும்மா பொட்டிய வாங்கி மாட்டி, லைட்டு எரியுது, பாஸ்வேர்டு போட்டாச்சுன்னு உக்காந்துட்டா, மாட்டுன ரூமை உட்டு ஒரு எட்டு வெளிய வெக்காது. தட்டத்துல வெத்தல பாக்கு, மஞ்சக் குங்குமம், வாழைப்பழம் வெச்சு, பொட்டிக்கு நேரா நின்னு, இன்னாரு ஊட்டுல இருந்து கூப்பிடறோம், இன்ன எடத்துக்கு வரோணும், குடும்பத்தோட வரோணும்னு வாய் நெறையச் சொல்லோணும், சொன்னா வரும். பக்கத்து ஊர்க்காரங்க கேட்டாச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அவங்க ஊட்டுல ஒரு போன் பேசறதுக்கு மொட்டமாடி ஏறி வெயில்ல நிக்கறாங்க, எங்கூட்டு ஆட்டுப்பட்டியில போன்ல எல்லாக் கோடும் நெறைஞ்சு நிக்குது.

ஆரம்பிச்சது சென்னியப்பன் ஊட்டுல. பக்கத்துத் தோட்டம், எனக்குத் தம்பி மொறை, தென்னையும் மாடும் வெச்சுப் பொழைக்கறவன், ரோட்டோரமாப் புது ஊடு கட்டிக் குடிபோனவன். அந்த ஊட்டுல ஒவ்வொரு செவுரும் கோட்டச் செவுரு கனம், ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். நெட்டு மாட்டுன நாள்ல இருந்து அவனுக்கு ஊட்டுக்குள்ள வந்தாப் பத்தல, மாட்டுச்சாளைக்கு வரோணும், தேங்காக் கெடங்குக்கு வரோணும், மோட்டார் ரூமுக்கு வரோணும், அதையுந் தாண்டி வாய்க்காலுக்கு அக்கட்டால, அந்தக் கரைக்கே வரோணும்னு ஒத்தக்கால்ல நின்னான். கேபிள்காரன் தாமோதரன் சொன்னான்னு, டிவிக்குப் பின்னால இருந்த பொட்டிய ஊட்டு நடுவுல கொண்டாந்தான், ஒசரமா வெச்சான், இரும்பு பீரோவ அடுத்த ரூமுக்கு நகத்துனான், பின்னாடிச் செவுத்துல எக்ஸ்டெண்டர்னு ஒண்ணு வாங்கி மாட்டுனான், இதுகிட்ட வாங்கி அடுத்ததுக்குக் குடுக்கும்னு வெள்ள வெள்ளயாச் சில பொட்டி ஆன்லைன்ல வரவழைச்சான், கடைசில பைப்பு பொதச்சு ஒயரே இழுத்துட்டுப் போனான். ஒயரு போச்சு, நெட்டு போகல. தாமோதரன் தலையச் சொறிஞ்சுட்டு, "அண்ணா, இந்த முனையில இருக்குது, அந்த முனையில இல்ல. நடுவுல எங்க போகுதுன்னு எனக்கே தெரியலீங்"னு சொல்லிட்டு மோர் குடிச்சுட்டுப் போனான்.

தேங்காத் திருடனப் புடிக்கக் கேமரா வெக்கறான்னு ஊரு பேசிக்கிச்சு. அவனும் ஆமான்னு தலையாட்டிக்குவான். ஆனா வாய்க்காலுக்கு அக்கட்டால அவனுக்கு ஒரு தென்னை கெடையாது. அங்க இருக்கறது அவன் அக்கா.

மயிலாத்தா எஞ்சோட்டுக்காரி, என் வயசுதான். புருசன் போனதுக்கப்பறம் பொறந்த ஊட்டுப் பங்கு பூமிக்கே வந்து, கரட்டடிப் பள்ளத்துல மல்பெரி வெச்சு, பட்டுப்புழு மனை கட்டி, மனைய ஒட்டி ஒரு ரூமுல தனியாக் கெடக்கறவ. போன வருசம் புழுவுக்குத் தழை போட்டுட்டு இருக்கறப்பவே மயங்கி உழுந்துட்டா. காலைல உழுந்தவள, சாயங்காலம் தழை வெட்ட வந்த பொம்பளைங்கதான் பாத்தாங்க. ஆஸ்பத்திரில மார்ல ஒரு சின்ன மிசினு வெச்சுத் தெச்சு உட்டாங்க, நெஞ்சு தடுமாறுனா அது தட்டிக் குடுக்குமாம். கூடவே தலைமாட்டுல வெக்கறதுக்கு ஒரு பொட்டி குடுத்தாங்க, உள்ள ஏதாச்சும் மக்கர் பண்ணுனா அந்தப் பொட்டி டாக்டருக்குச் சொல்லும். சொல்றதுக்கு அதுக்கு நெட்டு வேணும். அந்தப் பள்ளத்துல டவரும் எட்டாது, எவன் ஊட்டு நெட்டும் எட்டாது, பொட்டி செகப்பு லைட்டு எரிஞ்சுட்டுச் சும்மா உக்காந்திருந்துச்சு. அக்கா மறுபடி உழுந்தா யாருக்குத் தெரியும்ங்கற நெனப்புலதான் சென்னியப்பன் கண்ட பொட்டியையும் வாங்கி மாட்டிட்டுத் திரிஞ்சான்.

அதுக்கு நடந்து போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமில்ல, கூப்பிடு தூரந்தானேன்னு கேப்பீங்க. போக மாட்டான், அவளும் வர மாட்டா, ரெண்டு பேத்துக்கும் பேச்சே இல்ல. புது ஊட்டுக்குப் பால் காய்ச்சறப்ப அவனும் அவன் பொண்டாட்டி கருணாம்பிகையும் ஒரு ஊடு உடாம ஊரையே தட்டமெடுத்துட்டுப் போயிக் கூப்பிட்டாங்க. அக்கா ஊட்டுக்குப் போறப்பதான் அவனுக்குக் காலு வல்ல. புருசன் இல்லாதவளுக்குக் குங்குமத் தட்டம் நீட்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க, நீட்டாமக் கூப்பிட்டா அவ என்ன நெனப்பா, ரெண்டுக்கும் நடுவுல முழிச்சு முழிச்சு, கடைசில பத்திரிகையப் போட்டோ புடிச்சுப் போன்ல அனுப்பிச்சு உட்டுட்டான். நம்ம அக்காதானேன்னு தனக்குத்தானே சமாதானம் வேற. அவ என்னடான்னா பந்தல் போடற சத்தத்தையும் மைக்செட்டுப் பாட்டையும் அங்கிருந்தே கேட்டுட்டு, தம்பி கூப்பிட வருவான், வருவான்னு நல்ல சீலை ஒண்ண எடுத்து வெளிய வெச்சுட்டு உக்காந்திருந்தா. விருந்து முடிஞ்சு பந்தல் பிரிச்ச பொறகு, புழு மனைக்குச் சுண்ணாம்பு வாங்க டவுனுக்குப் போனப்பதான் அவ போனுக்கு அந்தப் படம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தாளாம். அன்னைல இருந்து அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்கல, மயிலாத்தாளா கொக்கா.

இப்படி இருக்கறப்ப ஒரு நாள் தாமோதரன் இன்னொரு புதுப் பொட்டியோட வாசல்ல வந்து நிக்கவும், கருணாம்பிகைக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஊரையே கூப்பிட்டுக் காலு தேஞ்சு போச்சு எனக்கு, இதையும் வெத்தலபாக்கு வெச்சுத்தான் கூப்பிடோணுமா?"ன்னு கத்திட்டு, கத்துன வேகத்துலயே பூசை ரூமுத் தட்டத்த எடுத்தாந்து நடுக்கூடத்துப் பொட்டிக்கு முன்னால நீட்டி, "சாமி, சென்னியப்பன் ஊட்டுல இருந்து கூப்பிடறோம், மாட்டுச்சாளைக்கு வரோணும், குடும்பத்தோட வரோணும்"னா. பொட்டில பச்ச லைட்டு ஒருக்கா அணைஞ்சு எரிஞ்சுது. சாளையில பால் கறந்துட்டு இருந்த சென்னியப்பன் சட்டைப் பையில போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுது. தாமோதரன் புதுப் பொட்டிய அட்டையப் பிரிக்காமத் திரும்ப எடுத்துட்டுப் போனான், கருணாம்பிகை சோத்துக்கு உலை வெக்கப் போனா.

அப்பறம் தேங்காக் கெடங்குக்குக் கூப்பிட்டு, மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டு, சேதி ஊரு பூராப் போயி, ஊட்டுக்கு ஊடு தட்டம் எடுத்தாச்சு. எடுத்த ஒடனே எல்லாருத்துக்கும் கைகூடிரல, தப்புப் பண்ணிப் பண்ணித்தான் கத்துக்கிட்டோம். நாச்சிமுத்து மாமன் தான் எந்திரிக்காம ஆளுக்காரன உட்டுக் கூப்பிடச் சொன்னாரு. நெட்டு வந்துச்சு, ஆளு உட்டுச் சொன்ன விசேசத்துக்கு நம்ம போறாப்பல வந்து, கேட்டுகிட்ட ஒத்தக் கோட்டோட நின்னு தலையக் காட்டிட்டுப் போயிருச்சு. நான் ஆட்டுப்பட்டியச் சொன்னேன், சமையக்கட்டச் சொன்னேன், மேல பரணாட்டக் கட்டியிருக்கற அட்டாலிய மறந்துட்டேன். அட்டாலி மேல மட்டும் ஒரு படமும் ஓடல, அப்பறம் தனியா ஒருக்காத் தட்டமெடுத்து, மறந்துட்டேன் சாமி, மனசுல வெச்சுக்காதன்னு கெஞ்சுனப்பறந்தான் ஏறி வந்துச்சு. குடும்பத்தோடன்னு சொல்லாம உட்டவங்க ஊட்டுக்கு ஒண்ணு மட்டும் வந்துச்சு, பேருக்குப் பின்னால அஞ்சுன்னு போட்டுட்டு வேகமா ஓடுமே, அது வல்ல. அது புருசனா பொண்டாட்டியான்னு எங்கூருல இன்னும் பேச்சு முடியல. அட்டமி நவமில கூப்பிட்டா வரும், ஆனா சுத்திட்டே இருக்கும்.

கக்கூசுக்குக் கூப்பிடலாமான்னு கோயில் மரத்தடியில பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. விருந்துக்கு வந்த ஒரம்பரையப் போயி அங்க வாங்கன்னு எந்த வாயில கூப்பிடறதுன்னு பெரியவங்க ஒத்துக்கல, கூப்பிட்டே ஆகோணும்னு எளவட்டங்க உட்டுக் குடுக்கல, கடைசில ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வரைக்கும் கூப்பிடலாம், அதுக்கு மேல அதுவா வந்தா நம்ம பொறுப்பில்லன்னு முடிவாச்சு. அதுவா வந்துச்சு. பொன்னரசி ஊட்டு நெட்டப் பக்கத்தூட்டுக்காரி பட்டுச்சீலை கட்டிட்டு வந்து கூப்பிட்டுட்டா, அது அங்கயே போயி உக்காந்துருச்சு, ரெண்டு ஊட்டுக்கும் வாய்ச்சண்டை முத்திக் குடுமிப்பிடியாப் போக இருந்துச்சு. அப்பறந்தான், அடுத்த ஊட்டு நெட்டக் கூப்பிடறவங்க அந்த ஊட்டுக்காரங்களையும் சேத்துக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பியாச்சும் குடுக்கோணும்னு ஊருல கட்டுப்பாடு போட்டாச்சு. அதுல என்னாச்சுன்னா, பல வருசமா எட்டிப் பாக்காத ஊடுகளுக்கெல்லாம் சனங்க போக வேண்டியதாப் போச்சு, காப்பித்தூள் செலவு ஏறிப் போச்சுன்னு பொலம்பாத பொம்பளை இல்ல. கம்பெனில இருந்து ரெண்டு பேரு மீட்டரோட வந்தாங்க, அளந்தாங்க, இப்படி வர்றதுக்கு வழியே இல்லைன்னாங்க, போறப்ப அதுல ஒருத்தரு மெதுவா என்கிட்ட ஒதுங்கி வந்து, "ஏனுங்கம்மா, எங்கூட்டுல மாடி ரூமுக்கு வரமாட்டேங்குது, வெறும் பாக்கு பத்துங்களா, தேங்கா வெக்கோணுங்களா?"ன்னு கேட்டாரு. தேங்கா வெச்சா மரியாதைன்னேன்.

இத்தனையும் நடந்துச்சு, வாய்க்கால் மட்டும் தாண்டல. கருணாம்பிகை தட்டமெடுத்து, மயிலாத்தா மனைக்கு வரோணும்னு கூப்பிட்டா, பொட்டில லைட்டு அசையல. சென்னியப்பன் வேட்டி கட்டி, தேங்கா வெச்சு, பூ வெச்சு, தானே கூப்பிட்டான். நெட்டு தோட்டத்து வழியா வரப்பு மேலயே வந்து, வாய்க்கால்ல போட்டிருக்கற பலகை வரைக்கும் வந்து நின்னுக்கிச்சு. நானே போன் புடிச்சுட்டுப் பாத்தேன், பலகைக்கு இந்தப் பக்கம் எல்லாக் கோடும் இருக்குது, ஒரு எட்டு அந்தப் பக்கம் வெச்சா ஒண்ணுமில்ல. மறுநாளும் கூப்பிட்டான், அதுக்கு மறுநாளும் கூப்பிட்டான், அக்காவுக்கு நெஞ்சு சரியில்ல சாமி, போயித்தான் ஆகோணும்னு பொட்டி முன்னால கையெடுத்தும் கும்பிட்டான்.

கருணாம்பிகை பாத்துட்டே இருந்தவ, சோத்தப் போட்டு வெச்சுட்டுச் சொன்னா: "ஏனுங்க, நீங்க போகாத ஊட்டுக்கு அது எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போகும்? ஊட்டுக்காரன் பேச்சு நின்ன எடத்துக்கு ஊட்டுக்கு வந்த ஒரம்பரை போகுமா?"

அவன் சோத்துல கை வெக்கல. அப்பறம் எந்திரிச்சு, மொகங் கழுவிட்டு, "தட்டத்த எடு புள்ள"ன்னான். நானும் கூடப் போனேன், வேடிக்கை பாக்கத்தான்னு வெச்சுக்கங்களே.

மயிலாத்தா தழை போட்டுட்டு இருந்தா. நிமுந்து பாத்தா, மறுபடி குனிஞ்சுட்டா.

"செருப்ப வெளிய உடுங்க. சுண்ணாம்ப மிதிச்சுட்டு வாங்க, புழுவுக்கு ஆகாது."

அவ்வளவுதான் வரவேற்பு. சுண்ணாம்ப மிதிச்சுட்டுப் போயி வரிசையா நின்னோம். மனை பூராப் புழு தழை திங்கற சத்தம், மழை பேயறாப்பல, வேற ஒரு சத்தமில்ல. சென்னியப்பன் கருணாம்பிகை கையில இருந்து தட்டத்த வாங்கிக்கிட்டான்.

"அக்கா, புது ஊடு பால் காய்ச்சறோம். நீ வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

"எப்ப?"

"நீ வர்றன்னைக்கு."

"அது எப்பவோ பொங்கி, ஆறி, ஏடு கட்டிக் கெடக்குது."

"நீ வராமப் பால் காய்ச்சுனதெல்லாம் சேத்தி இல்லக்கா."

மயிலாத்தா கையில இருந்த தழையக் கீழ வெச்சா. தட்டத்தப் பாத்தா, ஒவ்வொண்ணாப் பாத்தா.

"குங்குமம் வெச்சிருக்கற."

"வெச்சிருக்கறேன்."

"அன்னைக்கு ஏன்டா வெக்கல?"

"பயந்துட்டேன்க்கா. நாலு பேரு என்னமாச்சும் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்." மாட்டக் கட்டி மேய்க்கற அத்தன பெரிய ஆளு, சின்னப் புள்ளையாட்ட அழுதான். கருணாம்பிகையும் அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு, புழு மனையில சுண்ணாம்பு வாடை வேற.

"குங்குமமாடா எனக்குப் பெருசு?"ன்னா மயிலாத்தா. "நீ கூப்பிட வருவேன்னு எடுத்து வெச்ச சீலைய, மறுபடி மடிச்சு உள்ள வெச்சேன் பாரு, அதாண்டா எனக்கு ஆறல." சொல்லிட்டு, தட்டத்த ரெண்டு கையிலயும் வாங்கி, பக்கத்துல இருந்த முக்காலி மேல வெச்சா. "வர்றதப் பாக்கலாம்"னா. வர்றேன்னு சொல்லல.

திரும்பி வர்றப்ப, அவ ரூமு ஜன்னல் வழியாப் பாத்தேன், தலைமாட்டுப் பொட்டில பச்ச லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. நெட்டு அவன் பின்னாலயே பலகை தாண்டி வந்திருக்குது.

ஆனா வந்தது தங்கல. அன்னைக்குப் பூரா இருந்துட்டு, விடியக்குள்ள வாய்க்காலுக்கு இக்கட்டால திரும்பி வந்து நின்னுக்கிச்சு. சென்னியப்பன் மறுபடி போனான், அதுவும் கூடவே போச்சு. அப்படியே பழக்கமாயிருச்சு, கறவை முடிஞ்ச கையோட அவன் வரப்புல நடப்பான், அவன் பின்னால நெட்டு நடக்கும், மயிலாத்தா பொட்டி பச்சையாகும், மறுநா வரைக்கும் பச்சையா இருக்கும். மொதல்ல வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தையோட திரும்புனவன், அப்பறம் உக்காந்து காப்பி குடிச்சான், அப்பறம் தழை வெட்டிக் குடுத்தான், புழு பழுத்தப்ப கூடு கட்ட உடறதுக்குக் கூடமாட நின்னான்.

"நெட்டுக்காகத்தான் தெனமும் வர்றயா?"ன்னு ஒருக்காக் கேட்டாளாம்.

"உனக்காகத்தான்க்கா நெட்டே"ன்னானாம்.

"செரி செரி, மழை வந்தா வராம இருந்துக்காத"ன்னாளாம். இருந்தாலும் அவன் ஊட்டுக்கு மட்டும் அவ போகல. புழு இருக்குதுன்னா, தழை இருக்குதுன்னா, வெள்ளிக்கெழமை ஆகட்டும்னா, வெள்ளிக்கெழமையும் ஆகும், அவ போகமாட்டா. ஆறாதது ஆற நேரமாகும், நம்ம என்ன பண்றது. கருணாம்பிகை மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் பாலக் காய்ச்சாம வெச்சிருந்து பாத்துட்டு, பொழுது சாய்ஞ்சாக் காப்பி போட்டுருவா.

வைகாசி முகூர்த்தத்துல ஊரே தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருச்சு. நானும் போனேன், கருணாம்பிகையும் போனா, மாடு கண்ணு போடற மாதிரி இருக்குதுன்னு சென்னியப்பன் மட்டும் ஊட்டுல நின்னுட்டான். இதுக்கு மேல நாஞ் சொல்றது மயிலாத்தாளே எனக்குச் சொன்னது. வெயில் ஏறியும் தலைமாட்டுப் பொட்டி செகப்பாவே எரிஞ்சுதாம். மொதல்ல அவளுக்குக் கோவந்தான் வந்துச்சு. கல்யாண அவசரத்துல அக்கா மறந்து போச்சாக்கும், மறுபடியும் பழைய புத்திதான்னு, அவனுக்குப் போட்டு வெச்ச காப்பியக் கொண்டு போயிக் கீழ ஊத்திட்டு, தழையப் போட்டா, மனையக் கூட்டுனா, ஒருக்காத் திரும்பிப் பொட்டியப் பாத்தா. கூட்டுன எடத்தையே மறுபடி கூட்டுனா. அப்பறந்தான் அவளுக்கு ஒறைச்சுதாம்: மழையிலயே வந்தவன், வராம இருக்க மாட்டான், வல்லைன்னா, வர முடியல.

வெளக்குமாத்த அங்கயே போட்டுட்டு நடந்தா. வேகமா நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதெல்லாம் யாரு கேட்டா, மாரப் புடிச்சுட்டு, பலகையத் தாண்டி, வரப்புல ஏறி, தென்னைக்குள்ள பூந்து, மாட்டுச்சாளையில எட்டிப் பாத்தா, அங்க அவன் இல்ல. ஊட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு. வாசப்படிகிட்ட கொஞ்சங்கூட நிக்கலயாம், எந்தக் கால மொதல்ல வெச்சேன்னே எனக்குத் தெரியாதுங்கறா. நடுக்கூடத்துல அவன் ஒரு பக்கமாச் சரிஞ்சு கெடந்தான், ஒரு கையி, ஒரு காலு அசையல, வாயி கோணியிருந்துச்சு. அவன் போன எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னா.

பயப்படாதீங்க, ஆளு இப்ப நல்லாத்தான் இருக்கறான், நேரத்துல கொண்டாந்ததால பொழச்சான்னு டாக்டரே சொன்னாரு, கோலூனிட்டு நடக்கறான். நாஞ் சொல்ல வந்தது வண்டி வர்றதுக்கு முன்னால நடந்தத. அவன் தலையத் தூக்கி மடியில வெச்சுட்டு, அந்த ஊட்டுத் தரையில மயிலாத்தா உக்காந்திருக்கறா. அவன் கண்ணத் தொறந்து பாத்துருக்கறான், பாக்கறது யாரு, அவ எங்க உக்காந்திருக்கறாங்கறது வெளங்கறதுக்கு அவனுக்குக் கொஞ்ச நேரமாச்சு. வெளங்குன ஒடனே எந்திரிக்கப் பாத்தான். "அசையாதடா, பேசாதடா, வண்டி வருது"ன்னு அவ சொல்லச் சொல்ல, நாக்குப் பொரளாம, தொண்டையில இருந்து ஏதோ ஒண்ண இழுத்து இழுத்துத் தேடறான். தண்ணி கேக்கறானாட்ட இருக்குதுன்னு குனிஞ்சு காதக் கொண்டு போனா.

"வா..."ன்னான். எச்சி ஒழுகுச்சு, அவ முந்தானையில தொடச்சா. மறுபடியும் இழுத்தான்.

"வா... க்கா."

"வந்துட்டேன்டா"ன்னா மயிலாத்தா. "உள்ளதான் இருக்கறேன்."